பந்தாடிய சர்வாதிகாரி

தமிழ் கற்பிக்கும் பண்டிதன் ஒருவன் உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். கீழைத்தேயக் கல்லூரியில் எனக்கு விதிக்கப்பட்ட தொழில் இலக்கணமும் இலக்கியமுமே. ஆயினும் லிங்கநகரில் குடியிருப்பவன் பந்தின் ஓசைக்குச் செவியடைத்து வாழ இயலாது. திருகோணமலை துறைமுக நகரம். 1957 வரையும் பிரித்தானியக் கடற்படை தளம் அமைத்திருந்த நகரம். கப்பல்கள் போயின, பந்து நின்றுவிட்டது. மாலையானால் ஒழுங்கைதோறும் சிறுவர் கூடிவிடுகின்றனர். அவர்களுட் சிலர் ஒருநாள் என்னிடம் வந்து, லீக் என்னும் சொல்லுக்குத் தமிழ் யாதென வினவினர். சொல்லுக்குத் தமிழ் கூறுதல் எளிது. கூட்டு, கழகக் கூட்டு, தொடர் என்று ஏதேனும் ஒன்றைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். பொருளை அறியாமற் பெயர் சூட்டுதல் எனக்குப் பழக்கமன்று. ஆகவே அதன் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். அத்தேட்டம் என்னைக் கல்கத்தாவில் ஒரு மனிதரிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

பந்து நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. பெரும்பாணாற்றுப்படையில் மாடத்து மகளிர் பந்தாடுகின்றனர். சிலப்பதிகாரத்தில் கந்துகவரி உண்டு. குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லி பந்தாடும் அழகைச் சொல்லிச் சொல்லி மாணவர் சலிப்பதில்லை. ஆனால் இவையனைத்தும் கையாற் பந்தடித்தல், ஆடுவோர் மகளிர். காலால் உதைத்து, அணிக்குப் பதினொருவராய் நின்று, ஓர் அணி மற்றோர் அணியை வெல்லும் ஆட்டம் ஆங்கிலேயர் கொணர்ந்தது. தமிழகத்தார் அதனைக் கால்பந்து என்பர். ஈழத்தார் நாம் உதைபந்து என்போம். உறுப்பின் பெயரைக் காட்டிலும் தொழிலின் பெயர் பொருத்தமுடைத்து என்பது என் கருத்து. இது நிற்க.

லீக் என்பதன் இயல்பை முதலில் விளக்கிவிடுதல் நன்று. கேடயத்துக்கும் கிண்ணத்துக்கும் ஆடும் போட்டியில் ஒருமுறை தோற்றவன் வெளியேறுவான். லீக் அவ்வாறன்று. ஒரு பிரிவில் உள்ள கழகங்கள் யாவும் ஒன்றோடொன்று மோதும். வென்றவர்க்கு இரண்டு புள்ளி, சமன் செய்தவர்க்கு ஒன்று என்பது பழைய கணக்கு. இக்காலத்தில் வெற்றிக்கு மூன்று. பருவ முடிவில் மிகுந்த புள்ளி பெற்ற கழகமே முதன்மை எய்தும். பிரிவுகள் படிகளாக அமைந்திருக்கும். கீழ்ப்பிரிவில் தலைசிறந்தவர் மேலேறுவர், மேற்பிரிவிற் கடைப்பட்டவர் கீழிறங்குவர். 1888 இல் இங்கிலாந்தில் பன்னிரண்டு கழகங்கள் கூடி இம்முறையைத் தொடங்கின. நாடு முழுவதற்கும் ஒரே லீக் வேண்டும் என்பதும் இல்லை. உதைபந்தாட்டத்தில் உலகப் புகழ் பெற்ற ஜெர்மனியில் 1963 வரையும் வட்டார லீக்குகளே நடந்தன. அவற்றில் முதன்மை பெற்றோர் இறுதியிற் கூடிப் பொருதனர். 1954 இல் உலகக் கிண்ணத்தை வென்ற ஜெர்மானியர் அவ்வட்டார லீக்குகளில் வளர்ந்தவரே. இந்தியாவிலும் நாடளாவிய லீக் 1996 இலேதான் தோன்றியது. அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னரே, 1898 இல், கல்கத்தா நகரத்துக்கென ஒரு லீக் தொடங்கிவிட்டது. ஆசியாவிலேயே மிகப் பழையது அது. அந்த லீக் தோன்றிய மண்ணைப் பண்படுத்தியவரைத்தான் மேலே குறிப்பிட்டேன். நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்பது அவர் பெயர். இந்திய உதைபந்தாட்டத்தின் தந்தை என்று வங்காளிகள் அவரைப் போற்றுவர்.

பெயரைக் கேட்டதும் என் மாணவர் நகைத்தனர். தமிழிற் சர்வாதிகாரி என்றால் ஒருவர் சொல்லையும் கேளாது நாட்டை ஆட்டிப்படைக்கும் கொடுங்கோலன் அல்லவா? வங்காளத்தில் அது ஒரு குடிப்பெயர்; முன்னாளில் அரச பணியில் உயர்பதவி வகித்தோர்க்கு வழங்கிய பட்டம் வழிவழி வந்தது. அக்குடி கல்வியாற் பெயர்பெற்றது. நாகேந்திரரின் தந்தையார் சூரிய குமார் சர்வாதிகாரி புகழ்வாய்ந்த மருத்துவர். பெரிய தந்தையார் பிரசன்ன குமார் கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியின் தலைவராயிருந்தவர். வங்காள மொழியிற் கணித நூல் இயற்றியவர். உடன்பிறந்தார் தேவ பிரசாத் பிற்காலத்திற் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். மற்றொருவரான சுரேஷ் பிரசாத் அறுவை மருத்துவத்திற் பெயர்பெற்றார். இத்தகைய வீட்டில் 1869 ஆகஸ்டு 27 ஆம் நாள் பிறந்த பிள்ளை பந்தின் பின்னே ஓடியதை எண்ணுந்தோறும் எனக்கு ஒருவகை உவகை உண்டாகின்றது. கல்விமான்களின் வீட்டிலிருந்தும் ஆட்டக்காரன் பிறப்பான் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அவர் முதன்முதற் பந்தைத் தொட்டது பற்றி ஒரு கதை வழங்குகின்றது. 1877 இல், எட்டு வயதுச் சிறுவனாக, அன்னையாருடன் கங்கையில் நீராடச் செல்லும் வழியில், மைதானத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் ஆடுவதைக் கண்டு வண்டியிலிருந்து இறங்கி நின்றாராம். எல்லை கடந்து உருண்டுவந்த பந்தைக் கையில் எடுத்துப் பார்த்தாராம். உதைத்து அனுப்புமாறு சிப்பாய் ஒருவன் கூற, உதைத்தாராம். பெரியோர் சரிதங்களில் இத்தகைய தொடக்கங்கள் பின்னாளில் மெருகேற்றப்படுவதுண்டு. எனினும் அதன்பின் நிகழ்ந்தது மெருகேற்றியதுபோற் காணவில்லை. ஹேர் பள்ளி மாணவராயிருந்த நாகேந்திரர் உடன்பயில்வோரிடம் காசு திரட்டிக் கடையிற் பந்து வாங்கினார். பள்ளி முற்றத்தில் ஆரவாரத்துடன் ஆட்டம் தொடங்கியது. அடுத்திருந்த மாநிலக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஸ்டாக் என்னும் ஆங்கிலேயர் அதனைக் கண்டார். சிறுவர் வாங்கி வந்தது உதைபந்தன்று. ரக்பி ஆட்டத்துக்குரிய முட்டை வடிவப் பந்து! நெறி ஒன்றும் அறியாது அவர்கள் அதனை உருட்டியதைக் கண்டு அவர் ஏளனம் செய்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல் உருண்டைப் பந்தொன்றைத் தந்து, ஆட்டத்தின் விதிகளையும் கற்பித்தார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நான் அந்த ஸ்டாக்கை நினையாமல் இச்சரிதத்தைக் கடந்துபோக மாட்டேன்.

நாகேந்திரர் தாம் ஆடியதோடு அமையவில்லை. அவர் செல்லுமிடமெல்லாம் கழகம் முளைத்தது. பள்ளித் தோழரைக் கொண்டு ஒன்று, நண்பரைக் கொண்டு ஒன்று, கல்லூரியில் ஒன்று என வளர்ந்து, 1880 களின் நடுவில் வெலிங்டன் கழகம் எழுந்தது. வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அதில் உறுப்பினராயினர். உடற்பயிற்சியும் உதைபந்தும் கிரிக்கெட்டும் அங்கே செழித்தன.

அக்கழகத்தில் மணி தாஸ் என்னும் இளைஞனைச் சேர்க்க நாகேந்திரர் விரும்பினார். மணி தாஸ் நன்கு ஆடவல்லவன்; குயவர் வீட்டுப் பிள்ளை. உறுப்பினர் சிலர் எதிர்த்தனர். அவன் ஆடத் தெரியாதவன் என்று அவர்கள் சொல்லவில்லை. மண் பிசைபவன் மகனுடன் ஒரே கழகத்தில் இருத்தல் தம் குலத்துக்கு இழுக்கு என்பதே அவர்தம் வாதம். இவ்வாதம் நமக்குத் தெரியாததன்று. என் இளமையில் ஓர் ஊரில், எல்லை தாண்டிய பந்தைப் பனங்காணிக்குள் ஓடி எடுத்துக் கொடுப்பதற்கென்றே ஒரு சிறுவனை வைத்திருந்ததைக் கண்டிருக்கிறேன். எல்லோரிலும் விரைவாக ஓடியவன் அவனே. அணியில் அவனை ஒருநாளும் நிறுத்தவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்டதுமில்லை.

நாகேந்திரர் கேட்டார். கேட்டும் பயனில்லை எனக் கண்டபோது, சமாதானமாகப் போகலாம் என்று மணி தாஸைத் திருப்பியனுப்பவில்லை. தாம் பாடுபட்டு உண்டாக்கிய வெலிங்டன் கழகத்தையே கலைத்துவிட்டார். சர்வாதிகாரி என்னும் பெயர்க்கு அவர் தமிழ்ப்பொருளில் நடந்துகொண்டது வாழ்நாளில் இந்த ஒருமுறையே எனலாம். ஒருவனைச் சேர்க்கும்பொருட்டு ஒரு நிறுவனத்தை அழிப்பது அறிவுடைமையா என்று வினவுவோர் இருப்பர். மெல்ல மெல்ல மனங்களை மாற்றியிருக்கலாமே என்பர். எனக்கு அது பொருந்தவில்லை. ஆட்டக்காரனின் இளமை சில ஆண்டுகளே. உறுப்பினர் மனம் மாறும்வரை காத்திருந்தால் மணி தாஸின் கால்கள் முதுமை எய்திவிடும்.

1887 இற் புதிய கழகம் தோன்றியது. நாகேந்திரர் சோபாபஜார் அரச குடும்பத்திற் பெண் கொண்டவர். அக்குடும்பத்தின் ஆதரவோடு சோபாபஜார் கழகம் என்னும் பெயரில் அதனை நிறுவினார். முதல் உறுப்பினனாகப் பதியப்பெற்றவன் மணி தாஸ். அரச மாளிகையின் பெயர் பூண்ட கழகத்திற் குயவன் மகன் முதல்வன்! 1880 களின் கல்கத்தாவில் இஃது எத்துணைப் பெரிய செயல் என்பதை உணர்த்தப் பல பக்கம் எழுதலாம், எழுதாமலே விளங்கும்.

சோபாபஜார் கழகம் வெள்ளையரோடு துணிந்து மோதியது. 1892 இல் டிரேட்ஸ் கிண்ணப் போட்டியில் ஈஸ்ட் சரே என்னும் படைப்பிரிவின் அணியை இரண்டுக்கு ஒன்றாக வென்றது. ஐரோப்பிய அணியொன்றை இந்தியக் கழகம் போட்டியில் வென்ற செய்தி நகரெங்கும் பரவிற்று. அடுத்த ஆண்டு, 1893 இல், இந்திய உதைபந்தாட்டச் சங்கம் கல்கத்தாவில் அமைக்கப்பட்டது. பெயரில் இந்தியா இருந்தது. நிருவாகம் வெள்ளையர் கையில் இருந்தது. அதன் தோற்றத்திற் பங்குகொண்ட ஒரே இந்தியர் நாகேந்திரர். அவ்வாண்டே சங்கத்தின் கேடயப் போட்டி தொடங்கியது. கேடயத்துக்குப் பொருள் உதவியோருள் பட்டியாலா, குச்பிகார் மன்னர் இருவர் இருந்தனர். போட்டியிற் கலந்த இந்திய அணி சோபாபஜார் ஒன்றே. ராயல் ஐரிஷ் ரைபிள்ஸ் படையினர் அம்முதற் கேடயத்தைக் கொண்டனர்.

1898 இல் லீக் பிறந்தது. நாகேந்திரருக்கு அப்பொழுது வயது இருபத்தெட்டு. அதில் இடம்பெற்றவை ஐரோப்பியர் கழகங்களும் படைப்பிரிவு அணிகளுமே; முதலாண்டில் முதன்மை பெற்றது குளொஸ்ரர்ஷயர் படைப்பிரிவு. ஆறாண்டுக்கு முன்னரே படைவீரரை வென்ற சோபாபஜாருக்கு அங்கே இடமில்லை. வேறெந்த இந்தியக் கழகத்துக்கும் இடமில்லை. குயவன் மகனுக்குக் கழகத்தின் கதவைத் திறந்தவர், தம் முகத்துக்கெதிரே லீக்கின் கதவு அடைபட்டதைக் காண நேர்ந்தது. கேடயத்துக்கு ஆடலாம், லீக்குக்கு ஆடலாகாது. இவ்வேற்றுமைக்குக் காரணம் தேடிப் பலகாலம் எண்ணினேன். கேடயப் போட்டியில் ஒருமுறை தோற்றால் அயலான் வெளியேறிவிடுவான். அவனோடு ஒருநாட் பொழுதே பழக வேண்டும். லீக்கில் அவன் பருவம் முழுதும் உடனிருப்பான். புள்ளிப் பட்டியலில் அவன் பெயர் தம் பெயர்க்கு மேலே நிற்கும் நாளும் வரலாம். விருந்தினனாக ஏற்கலாம், வீட்டானாக ஏற்கலாகாது என்பதே உட்கருத்தாயிருக்கும் என்று கருதுகின்றேன்.

லீக் தொடங்குதற்கு முந்திய ஆண்டிலேதான் விவேகானந்த சுவாமிகள் கொழும்பிற் கரையிறங்கி யாழ்ப்பாணம் வழியாகத் தமிழகம் சென்றார். சென்னைச் சொற்பொழிவொன்றில், கீதையைப் பயில்வதிலும் உதைபந்து ஆடுதல் இளைஞரை வானுலகுக்கு அணித்தாக்கும் என்னும் பொருள்பட அவர் பேசியது அறிஞர் பலர் அறிந்தது. அவரும் கல்கத்தாக்காரர், நாகேந்திரருக்கு ஆறாண்டு மூத்தவர். மைதானத்திற் பந்து உருண்ட காட்சி அவர் நெஞ்சிலும் பதிந்திருந்தது போலும்.

கதவு அடைபட்டிருந்த காலத்தில் நிகழ்ந்த ஒரு செய்தி உலகறிந்தது. 1911 ஜூலை 29 இல் மோகன் பாகான் கழகம் ஈஸ்ட் யோர்க்ஷயர் படையணியை இரண்டுக்கு ஒன்றாக வென்று கேடயத்தைக் கைப்பற்றியது. ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர். சிப்தாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் பந்தை வலைக்குள் செலுத்தினர். வங்காளம் பிளவுண்டிருந்த நாட்கள் அவை. மக்கள் அவ்வெற்றியை நாட்டின் வெற்றியாகவே கொண்டாடினர். ஆயினும் பலரும் மறந்துவிடும் ஒன்றுண்டு. கேடயத்தை வென்ற அதே மோகன் பாகான், லீக்கில் ஆடும் தகுதியற்றதாகவே மேலும் மூன்றாண்டு கிடந்தது. 1914 இல் மோகன் பாகானும் ஆரியன் கழகமும் இரண்டாம் பிரிவில் அனுமதிக்கப்பட்டன. 1915 இல் மோகன் பாகான் முதற்பிரிவுக்கு ஏறியது, ஆரியன் பின்தொடர்ந்தது. அங்கும் ஓர் எல்லை வகுத்திருந்தனர்: முதற்பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் இருத்தலாகாது. இரண்டாம் பிரிவில் எத்துணை வென்றாலும் மூன்றாவது கழகம் மேலேற முடியாது. படிகள் இருந்தன, ஏறவிடாத படிகள்.

1920 இற் கிழக்கு வங்காளத்தார் ஈஸ்ட் பெங்கால் கழகத்தை அமைத்தனர். தம் நாட்டு ஆட்டக்காரரைக் கல்கத்தாக் கழகங்கள் ஒதுக்குகின்றன என்னும் மனக்குறையே அதன் கரு. 1924 இல் இரண்டாம் பிரிவில் முன்னணிக்கு வந்து, மேலேறும் உரிமையை அது கோரியது. இங்கேதான் வரலாறு நம்மைத் தலைகுனியச் செய்கின்றது. ஐரோப்பியர் கழகங்களுட் பெரும்பாலன உடன்பட்டன. ஏற்கெனவே உள்ளே சென்றிருந்த இந்தியக் கழகங்கள் இரண்டும் எதிர்த்தன. வெளியே நின்றபோது கதவைத் தட்டியவர், உள்ளே சென்றதும் தாழிடக் கை நீட்டினர். எனினும் தடைவிதி நீங்கிற்று. 1925 மே 28 இல் ஈஸ்ட் பெங்கால் முதன்முறையாக லீக்கில் மோகன் பாகானை எதிர்த்து ஆடி, ஒன்றுக்கு இன்மையாக வென்றது. இன்றும் அவ்விரு கழகமும் மோதும் நாளிற் கல்கத்தா உறங்குவதில்லை என்பர்.

நாகேந்திரர் அப்பொழுது ஐம்பத்தைந்து வயதினர். ஆட்டத்தை விட்டு நெடுநாளாயிற்று. லீக்கின் முதன்மைப் பட்டம் தொடங்கிய நாள்முதல் முப்பத்தைந்து ஆண்டாக வெள்ளையரிடமே இருந்தது. கல்கத்தா உதைபந்தாட்டக் கழகம் என்னும் ஐரோப்பியர் கழகம் மட்டும் எட்டுமுறை அதனைப் பெற்றது. 1930 இற் சட்டமறுப்புக் கிளர்ச்சி எழுந்தபோது இந்தியக் கழகங்கள் விலகிக்கொள்ள, அவ்வாண்டு லீக் நின்றுபோயிற்று. 1934 இல் மொகமடன் ஸ்போர்ட்டிங் கழகம் பட்டத்தை வென்று, முதன்மை எய்திய முதல் இந்தியக் கழகமாயிற்று. 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டு அதனை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வங்காளத்துக்கு வெளியே பெங்களூர் முதலிய இடங்களிலிருந்தும் அது ஆட்டக்காரரை வரவழைத்தது. ஈஸ்ட் பெங்காலும் அவ்வாறே தெற்கே கண்ணோட்டியது. அங்கு சென்றோருள் லட்சுமிநாராயணன், முருகேஷ் என்னும் பெயர்களைப் படித்தபோது, நம்மவர் வாடை வீசக் கண்டு மகிழ்ந்தேன். இப்போக்கு பின்னும் வளர்ந்து, 1949 முதல் ஈஸ்ட் பெங்கால் முன்வரிசையில் வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே என்னும் தென்னாட்டவர் ஐவர் நின்றனர். வங்காளிகள் அவர்களைப் பஞ்ச பாண்டவர் என அழைத்தனர். ஐவருள் இருவர் முஸ்லிம்கள் என்பது அப்பெயரைச் சூட்டியவர்க்கு ஒரு தடையாகத் தோன்றவில்லை. 1948 இல் இலண்டன் ஒலிம்பிக் விழாவில் விடுதலை பெற்ற இந்தியாவுக்காக முதற் பந்தை வலையிற் செலுத்தியவரும் பெங்களூர்ச் சாரங்கபாணி ராமனே. மணி தாஸைச் சேர்க்க மறுத்த உறுப்பினர் இவர்களைக் கண்டிருந்தால் எந்தக் குலத்தில் வைத்திருப்பாரோ அறியேன்.

இவ்வைவரையும் ராமனையும் காண நாகேந்திரர் இருக்கவில்லை. கல்கத்தா லீக் இன்றும் நடைபெறுகின்றது; முதன்மைப் பிரிவின் கீழ்ப் பல பிரிவுகள் அடுக்கடுக்காக அமைந்து, சிறு கழகங்களின் இளைஞர்க்கு ஏணியாகின்றன. நாடளாவிய போட்டிகள் வந்தபின் அதன் பழைய பொலிவு குன்றியதை மறைத்துப் பயனில்லை. 2021 இல் நாகேந்திரரின் கதையைக் கோலந்தாஜ் என்னும் பெயரில் வங்காளத்தார் திரைப்படமாக்கினர்.

1939 ஆம் ஆண்டுப் பருவத்தில் மோகன் பாகான் முதன்முறையாக லீக் பட்டத்தைப் பெற்றது. இலங்கையில் உதைபந்தாட்டச் சங்கம் அமைந்ததும் அதே ஆண்டில்தான். அடுத்த ஆண்டு ஜனவரி 17 இல் நாகேந்திரர் காலமானார். அவர் கண்மூடியபொழுது, நாற்பத்தோராண்டுக்கு முன்னர் அவர் கழகத்தைப் புறத்தே நிறுத்திய அந்த லீக்கின் பட்டம் தொடர்ந்து ஆறாம் ஆண்டாக இந்தியக் கழகங்களிடம் இருந்தது.